பின்னோக்கி ஆடுகிறவள்

திங்கட்கிழமை மதியக் காட்சி முடிந்ததும் ஆர்க்கேடியா தியேட்டரின் மேனேஜர் ஹோபர்ட் எங்கள் ஒப்பனை அறைக்கு வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கதவருகிலேயே நின்றார். சகோதரிகளின் ஆட்டம் மிக நன்றாக இருந்தது என்றார். அதுதான் சிக்கல் என்றும் சொன்னார்.

லியோனாவும் ஹெஸ்டரும் ஒட்டிப் பிறந்தவர்கள். முதுகெலும்பு முடியும் இடத்தில், ஏறக்குறைய முதுகுக்கு முதுகாக. ஒருத்தி முன்னால் நடந்தால் மற்றவள் பின்னால் நடக்க வேண்டும். தலையை நன்றாகத் திருப்பினால் ஒருத்தி மற்றவளின் கன்னத்தின் ஓரத்தைப் பார்க்கலாம். அவ்வளவுதான் பார்க்க முடியும். நான் அவர்களுக்குப் பியானோ வாசிக்கிறவள். பெயர் ஆல்மா. அது அவர்களோடு ஊர் ஊராகப் போன எனக்கு மூன்றாவது குளிர்காலம், 1926. அந்த வாரம் இண்டியானாவில், எவன்ஸ்வில் என்ற ஆற்றங்கரை ஊரில் இருந்தோம்.

ஹோபர்ட் காட்சி நேரத்தில் பார்வையாளர்களுக்குப் பின்னால் நின்றிருக்கிறார். இரண்டு பெண்களையும் ஒரே கார்செட் உள்ளாடைக்குள் வைத்துத் தைத்திருக்கிறார்கள் என்று ஒரு அம்மாள் தன் புருஷனிடம் விளக்கிக்கொண்டிருந்தாளாம். டிக்கெட் ஜன்னலில் சிலர் காசைத் திருப்பிக் கேட்டார்களாம். போன மாதம் டெரே ஹோட் என்ற ஊரில் ஒட்டிப் பிறந்த இரட்டையர் என்று ஒரு ஜோடி ஆடிவிட்டுப் போயிருக்கிறது. வாரக் கடைசியில் அந்த இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டு வெவ்வேறு ரயிலில் ஏறியதை ஊரே பார்த்திருக்கிறது. அந்தச் செய்தி ஆற்றோரம் உள்ள எல்லா ஊருக்கும் வந்துவிட்டது.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா," என்றார் ஹோபர்ட். "ஒட்டிப் பிறந்தவங்க இவ்வளவு சுலபமா ஆட மாட்டாங்கன்னு ஜனங்க நினைக்கிறாங்க. கொஞ்சம் இழுபட்டாத்தானே நம்புவாங்க."

லியோனாவின் முகம் சிவந்தது. அது அவமானமா சந்தோஷமா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கலாம்.

அவர் ஒரு வழி சொன்னார். ஆட்டம் முடிந்ததும் ஊர் டாக்டர் ஒருவரை மேடைக்கு அழைப்பது. சகோதரிகள் பக்கவாட்டில் நின்று உடையின் பின்பக்கத்தில் இரண்டு கொக்கிகளைக் கழற்றினால் போதும். டாக்டர் பார்த்துவிட்டு உண்மைதான் என்று சபைக்குச் சொல்வார். பெண்கள் வேண்டுமானால் கண்ணை மூடிக்கொள்ளலாம். எல்லாவற்றையும் மரியாதையாகவே சொன்னார். சனிக்கிழமை சிகாகோவிலிருந்து ஆட்டக்காரர்களை ஒப்பந்தம் செய்யும் ஏஜென்ட் வருகிறார் என்பதையும் நினைவுபடுத்தினார்.

லியோனா முடியாது என்றாள். ஹோபர்ட் நாளை இரவுக் காட்சி வரைக்கும் யோசிக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

இதில் யோசிக்க லியோனாவுக்கு ஒன்றும் இல்லை. நான்கு வயதிலிருந்து இருபத்தொரு வயது வரை அவர்கள் இருவரும் ஒரு சுற்றுக் கண்காட்சியின் கூடாரத்தில் இருந்தார்கள். முன்கூடாரத்தில் மேடை போட்டு உட்கார வைப்பார்கள். பாடுவார்கள், கையெழுத்துப் போட்டுப் படம் விற்பார்கள். பின்னால் திரை போட்ட இன்னொரு கூடாரம் உண்டு. அதற்குத் தனிக் காசு. அந்தக் காலத்து உடைகள் எல்லாவற்றிலும் பின்பக்கம், இடுப்புக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மடிப்பும் கொக்கிகளும் இருக்கும். அதைத் திறந்து காட்ட வேண்டும். பார்த்தவர்கள் சிலர் தொட்டும் பார்ப்பார்கள். கண்காட்சியை விட்டு வந்த முதல் நாள், தங்கின விடுதியில், லியோனா ஊசி நூல் வாங்கி எல்லா உடைகளிலும் அந்த மடிப்பைத் தைத்து மூடினாள். ஒற்றை நூல் போதும், துணி தாங்காது என்று ஹெஸ்டர் சொன்னாளாம். லியோனா இரட்டை நூலில்தான் தைத்தாள்.

ஹெஸ்டருக்குக் கூடாரம் அவ்வளவு வலிக்கவில்லை. அந்த நேரத்தில் அவள் துப்பறியும் கதை படிப்பாள். தோல்தானே, பார்த்துவிட்டுப் போகட்டும் என்பாள். ஆனால் அவளுக்குக் குளிர் ஆகாது. ஒட்டியிருக்கும் எலும்பில் குளிர் ஏறினால் வலி எடுக்கும். எலும்பு இருவருக்கும் பொது. வலி மட்டும் பெரும்பாலும் ஹெஸ்டர் பக்கம். நாங்கள் முந்தைய இரண்டு குளிர்காலமும் சின்ன ஊர்களின் சங்கக் கூடங்களில் ஆடியிருந்தோம். அங்கே கூடத்தின் கோடியில் ஒரு கணப்பு இருக்கும். மேடைக்கு அதன் சூடு வந்து சேராது. ஹெஸ்டர் காலையில் எழுந்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். லியோனாவும் உட்கார்ந்திருப்பாள். வேறு எங்கே போவது.

ஆர்க்கேடியாவில் ஒப்பனை அறையிலேயே சூட்டுக்கு ஒரு நீராவிக் குழாய் இருந்தது. நாள் முழுக்க சீறிக்கொண்டே இருக்கும். ஹெஸ்டர் வந்த அன்றே அதன் மேல் காலுறைகளைக் காயப் போட்டு, அதைத் தன் புருஷன் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். சிகாகோ ஏஜென்ட் கையில் இருந்த தியேட்டர்கள் எல்லாமே இப்படிப்பட்டவை. ஒரு வருஷத்துக்கு ஒப்பந்தம் போடுவார். ஒரே ஊரில் ஒரு வாரம், நல்ல விடுதி, வெந்நீர்.

செவ்வாய்க்கிழமை காலை ஹெஸ்டர் டாக்டர் பேச்சை எடுக்கவே இல்லை. முட்டை நன்றாக வேகவில்லை என்று மட்டும் சொன்னாள்.

அவர்கள் ஆடும் விதத்தை இங்கே சொல்ல வேண்டும். முதலில் ஹெஸ்டர் ஒரு பாட்டுப் பாடுவாள். பிறகு மெதுவான வால்ட்ஸ் நடனம், அதற்குப் பிறகு வேகமான ஒரு நடனம். பெரும்பாலும் லியோனாதான் சபையைப் பார்த்து ஆடுவாள். கையும் கழுத்தும் அவளுக்கு அழகாக வரும். கைதட்டுகிறவர்கள் அவளைப் பார்த்துத்தான் தட்டுவார்கள். ஹெஸ்டர் பின்திரையைப் பார்த்துக்கொண்டு பின்னோக்கி ஆடுவாள். லியோனா எங்கே கால் வைக்கப்போகிறாள் என்பது அவளுக்குத் தெரியாது. திரும்ப வேண்டிய இடம் வந்தால் நான் இடது கையால் ஒரு கீழ் சுரத்தை அழுத்துவேன். அதைக் கேட்டு அவள் திரும்புவாள். ஒரு வருஷம் முழுக்க ஒரு காலித் தீவனக் கிடங்கில் இதைப் பழகினோம். இழுபடவே கூடாது என்பதுதான் லியோனாவின் ஆசை. ஒருத்தி மற்றவளை இழுப்பது யார் கண்ணிலும் படக்கூடாது. முடிவில் அப்படியே வந்தது. அது வந்தது ஹெஸ்டரின் காலால் என்பது கீழே பியானோவில் இருந்த எனக்கு நன்றாகத் தெரியும்.

செவ்வாய் மதியம் வால்ட்ஸின் நடுவில் நான் கீழ் சுரத்தை அழுத்தினேன். லியோனா திரும்பினாள். ஹெஸ்டர் திரும்பவில்லை. காலை ஊன்றி நின்றாள்.

உடையின் பின்பக்கம் விண்ணென்று இழுத்தது. லியோனாவின் இரண்டு காலும் தரையை விட்டுக் கிளம்பின. கைகள் காற்றில் எதையோ தேடின. ஹெஸ்டர் முன்னால் குனிந்து அவளை முதுகில் தாங்கினாள். லியோனா மேற்கூரையைப் பார்த்தபடி ஒரு கணம் கிடந்தாள். பிறகு இறங்கினாள். நான் வாசிப்பதை நிறுத்தவில்லை.

சபையில் சத்தமே இல்லை. முன்வரிசையில் ஒரு பெண், "கடவுளே, நெஜந்தான் போல," என்றாள். அது எல்லோருக்கும் கேட்டது. ஆட்டம் முடிந்தபோது எழுந்து நின்று தட்டினார்கள். அதற்கு முன்னால் எங்களுக்கு அப்படி யாரும் தட்டியதில்லை.

ஹோபர்ட் ஓடி வந்தார். இப்போது உட்கார்ந்தார். டாக்டர் வேண்டாம், கொக்கி வேண்டாம், எதுவும் வேண்டாம் என்றார். அந்தத் தடுமாற்றத்தை மட்டும் ஒவ்வொரு காட்சியிலும் அதே இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். லியோனா அது தவறிப்போய் நடந்தது என்றாள். தவறிப்போனதைப் பழக்கத்துக்குக் கொண்டுவருவதுதானே அம்மா மேடை என்றார் அவர்.

அவர் போனதும் லியோனா ஹெஸ்டரிடம் என்ன ஆச்சு என்று கேட்டாள். சுரம் கேட்கவில்லை என்றாள் ஹெஸ்டர். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் முகம் என் பக்கம் இருந்தது, லியோனாவின் முகம் சுவர்ப் பக்கம். நான் என் பாட்டுத் தாள்களை அடுக்கினேன்.

புதன்கிழமை ஹோபர்ட் டிரம் வாசிக்கும் எமிலைக் கூப்பிட்டு, அவர்கள் தடுமாறும் இடத்தில் டிரம்மையும் பித்தளைச் சிம்பலையும் சேர்த்து ஒரு தட்டு தட்டச் சொன்னார். எமில் தட்டினான். லியோனாவின் கால்கள் கிளம்பின, டமார் என்றது, சபை சிரித்தது. முதலில் அந்தச் சிரிப்பில் கொஞ்சம் பயமும் இருந்தது. இரவுக் காட்சியில் பயம் போய்விட்டது. வியாழக்கிழமை ஹோபர்ட் இன்னொரு தடுமாற்றத்தை வேகமான நடனத்திலும் வைக்கச் சொன்னார். ஊரில் பேச்சு பரவியிருந்தது. வால்ட்ஸ் ஆரம்பித்ததுமே பின்வரிசைப் பையன்கள் அந்த இடத்துக்காகக் காத்திருந்தார்கள். சிலர் வாயாலேயே டமார் என்றார்கள்.

எமில் நல்லவன். காட்சி முடிந்து கருவிகளை மூடும்போது, கை தானாகப் போகிறது, என்ன செய்வது என்று என்னிடம் சொன்னான். நான் பரவாயில்லை என்றேன். எனக்கு எப்போதும் பதில் மறுநாள்தான் தோன்றும்.

எங்கள் அறையைப் பகிர்ந்துகொண்டவள் மிஸஸ் ஸ்லோகம். ஆறு நாய்களை வைத்து வித்தை காட்டுகிறவள். நாய்களுக்கும் எங்களுக்கும் ஒரே பெட்டியிலிருந்து இஞ்சி பிஸ்கட் தருவாள். அவளுக்கு எங்கள் விஷயத்தில் அனுதாபம் இருந்தது, கொஞ்சம் எரிச்சலும் இருந்தது. எங்களுக்கு முன்னால் நாய்களும், அதற்கும் முன்னால் ஒரு பாடகரும் வருவார்கள். எங்கள் டமாருக்காகக் காத்திருக்கும் பையன்கள் நாய்களைக் கவனிப்பதே இல்லை.

"என் பெரிய நாய் வளையத்துல மாட்டிக்கிட்டா எல்லாரும் தட்டுறாங்க," என்றாள் லியோனாவிடம். "ஒழுங்கா தாண்டினா கம்பி கட்டியிருக்கேன்னு சொல்றாங்க. நான் அதுக்காகத் தினமும் மாட்டவா வெக்கிறேன்? அதுக்கும் மானம் இருக்குல்ல."

ஹெஸ்டர்தான், நாய்க்கு மாசச் சம்பளம் உண்டா என்று கேட்டு அவள் வாயை அடைத்தாள்.

வெள்ளிக்கிழமை, இரண்டு காட்சிகளுக்கும் இடையில், மிஸஸ் ஸ்லோகம் நாய்களை நடக்க வைக்க வெளியே போயிருந்தாள். நான் மூலையில் பாவாடை ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தேன். லியோனா கைக்கண்ணாடியை எடுத்து மேஜை மேல் பவுடர் டப்பாவில் சாய்த்து வைத்தாள். இரண்டு முகமும் தெரியும்வரை அதை நகர்த்தினாள். சும்மா பேசுவதற்கு அவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை. கண்ணாடி வெளியே வந்தால் விஷயம் பெரியது என்று அர்த்தம். நான் எழுந்து போகப் பார்த்தேன். ஹெஸ்டர் உட்காரச் சொன்னாள்.

"செவ்வாய்க்கிழமை உனக்கு சுரம் கேட்டுது," என்றாள் லியோனா.

"கேட்டுது."

"அப்புறம் ஏண்டி கேக்கலைன்ன?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நீ நிக்கிறதுக்கு முன்னாடியே உன் தொடை இறுகிடுச்சு. தெரியாமத் தடுமாறுறவளுக்கு அப்படி இறுகாது."

ஹெஸ்டர் கண்ணாடியைப் பார்த்தாள். "அந்தாளு கொக்கியைக் கழட்டச் சொன்னான். நீ மாட்டேன்ன. நான் வேற என்னடி பண்றது? ஒரு தடவை விழுந்து எழுந்தா விட்டுடுவான்னு நெனச்சேன்."

லியோனா அழவில்லை. அழுதால் ஹெஸ்டரின் முதுகும் குலுங்கும், அதனால் சின்ன வயதிலிருந்தே அடக்கப் பழகியிருந்தாள்.

கூடாரத்தில் வந்தவர்கள் உற்றுப் பார்த்தார்கள், தொட்டார்கள், ஆனால் யாரும் சிரிக்கவில்லை என்றாள். சிரித்தால் என்ன, கால் சூடாக இருக்கிறதே என்றாள் ஹெஸ்டர். அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. இந்த வாரம் ஒரு நாள் காலைகூட வலி வரவில்லை என்பது லியோனாவுக்கும் தெரியும்.

அதன் பிறகு லியோனா, "அக்கா," என்றாள்.

ஹெஸ்டர்தான் தலை முதலில் வந்தவள் என்று பிரசவம் பார்த்தவள் சொல்லியிருக்கிறாள். அந்த மூப்பை லியோனா காரியம் ஆக வேண்டும்போது மட்டும் ஒப்புக்கொள்வாள்.

"நாளைக்கு ராத்திரி ஒரு தடவை மட்டும் சுத்தமா ஆடலாம்."

"நாளைக்கு ராத்திரிதான் ஏஜென்ட் வர்றான்."

"அதுக்குத்தான் கேக்கறேன்."

ஹெஸ்டர் கையை நீட்டிக் கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தாள். பேச்சு முடிந்தது என்று அர்த்தம். யார் கவிழ்த்தாலும் மற்றவள் திருப்பி எடுக்கக் கூடாது என்பது அவர்களுக்குள் இருந்த ஒழுங்கு. லியோனா எடுக்கவில்லை.

சனிக்கிழமை காலை லியோனா எமிலைத் தேடிப்போனாள் என்றால் ஹெஸ்டரும் போனாள் என்றுதான் அர்த்தம். ஆனால் பேசியது லியோனா. ஏஜென்ட் வருகிறார், அதனால் இரண்டு இடத்திலும் சிம்பலைப் பலமாகத் தட்ட வேண்டும் என்றாள். இரண்டாவது தடுமாற்றத்தில் தான் கைகளை இன்னும் அகலமாக வீசப்போவதாகவும், அதைப் பார்த்துக்கொண்டு தட்டினால் நன்றாக இருக்கும் என்றும் சொன்னாள். காய்கறிக் கடையில் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னாள். ஹெஸ்டர் தன் பக்கம் இருந்த நோட்டீஸைப் படித்துக்கொண்டிருந்தாள். அதில் எங்கள் பெயர் நடுவில் இருந்தது.

மதியக் காட்சி வழக்கம்போல் நடந்தது. இரண்டு டமார், இரண்டு சிரிப்பு.

இரவு அரங்கு நிறைந்திருந்தது. ஏஜென்ட் ஆறாவது வரிசையில் உட்கார்ந்திருப்பதை எமில் கண்ணால் காட்டினான். பழுப்புத் தொப்பியை முழங்காலில் மாட்டியிருந்தார். பாடகரின் பாட்டுக்குக் கொட்டாவி விட்டார். நாய்களுக்குச் சிரித்தார்.

ஹெஸ்டர் பாடினாள். குரல் எப்போதும்போல் இருந்தது. வால்ட்ஸ் ஆரம்பித்தது. பின்வரிசைப் பையன்கள் அடங்கினார்கள், காத்திருந்தார்கள். எமில் குச்சியை எடுத்துச் சிம்பலுக்கு மேல் பிடித்தான். நான் கீழ் சுரத்தை அழுத்தினேன்.

ஹெஸ்டர் திரும்பினாள்.

லியோனா விழுவதற்குத் தயாராகியிருந்தாள். கைகள் ஏற்கனவே கிளம்பிவிட்டன. இழுப்பு வரவில்லை. கீழிருந்து நான் அவள் முகத்தைப் பார்த்தேன். படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்துச் சமதரையை மிதித்தவளின் முகம். பிறகு அந்தக் கைகளை அப்படியே மேலே கொண்டுபோனாள், அங்கே கொஞ்சம் நிறுத்தினாள், மெதுவாக இறக்கினாள். அப்படி ஒரு அசைவு எங்கள் நடனத்தில் கிடையாது. நான் அவளுக்காக ஒரு தாளச் சுற்று கூடுதலாக வாசித்தேன். ஹெஸ்டர் அந்த ஒரு சுற்றையும் பின்னோக்கி அடி வைத்துக் கடந்தாள்.

எமிலின் குச்சி அந்தரத்தில் நின்றது. கடைசியில் அதைக்கொண்டு காதைச் சொறிந்துகொண்டான்.

வேகமான நடனத்தில் இரண்டாவது இடம் வந்தது. இந்தத் தடவை லியோனா கைகளை வீசவில்லை. ஹெஸ்டரின் தொடை இறுகவில்லை என்பது அவளுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும். இரண்டு பேரும் ஒரு சக்கரம்போலச் சுற்றினார்கள். யார் முன்னால், யார் பின்னால் என்று நான் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

ஆட்டம் முடிந்தது. கைதட்டல் வந்தது, அளவாக. ஏமாந்த மாதிரி ஒரு முணுமுணுப்பும் வந்தது. பையன்கள் காலால் தரையைத் தட்டினார்கள். மாடி வரிசையிலிருந்து ஒருவன், "கயித்தை அவுத்துக் காட்டுங்கம்மா," என்று கத்தினான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். சகோதரிகள் பக்கவாட்டில் நின்று சபைக்கு வணங்கினார்கள். அந்தக் குரல் வந்த திசைக்கு லியோனா இன்னொரு தடவை வணங்கினாள்.

ஒப்பனை அறையில் மிஸஸ் ஸ்லோகம் நாய்களைக் கூடையில் அடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு பிஸ்கட்டை எடுத்து ஹெஸ்டர் கையில் வைத்துவிட்டு வெளியே போனாள். லியோனா முகத்துச் சாயத்தைத் துடைத்தாள். துணியை ஹெஸ்டரிடம் தோளுக்கு மேலாகக் கொடுத்தாள். ஹெஸ்டர் துடைத்தாள்.

"ஏன்?" என்றாள் லியோனா.

"கால் மறந்துடுச்சு," என்றாள் ஹெஸ்டர்.



ஹோபர்ட் வந்தார். கோபமாக வருவார் என்று எதிர்பார்த்தேன். கோபமாக இல்லை, குழம்பியிருந்தார். லாபியில் மாட்டியிருந்த எங்கள் படங்கள் கையில் இருந்தன. படத்தைத் திருப்பித் தந்தால் இனி அந்த மேடையில் வேலை இல்லை என்று பொருள். எல்லாத் தியேட்டரிலும் அப்படித்தான். அவற்றை நாற்காலி மேல் வைத்தார். பிறகு திரும்ப எடுத்தார்.

ஏஜென்ட் ரயிலுக்குக் கிளம்பிவிட்டதாகச் சொன்னார். போவதற்கு முன் பேசியதையும் சொன்னார்.

"அவருக்கு ரொம்பப் பிடிச்சிருக்கும்மா. அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் இவ்வளவு ஒண்ணா காலெடுத்து வெச்சு ஆடி அவர் பார்த்ததே இல்லையாம். முக்கியமா பின்னாடி நிக்கிற பொண்ணு."

ஹெஸ்டர் பிஸ்கட்டை மெல்லுவதை நிறுத்தினாள். அவளைப் பற்றி யாரும் தனியாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"ஆனா இந்த ஒட்டிக்கிட்ட வேஷம் வேண்டாங்கறார். அது பழசாப் போச்சாம், ஜனங்களும் நம்பறதில்லையாம். அதை அவுத்துப் போட்டுட்டுத் தனித்தனியா ஆடச் சொல்றார். ஒத்துக்கிட்டா நாளைக்கே ஒரு வருஷத்துக்கு எழுதித் தர்றாராம்."

நீங்கள் அவரிடம் என்ன சொன்னீர்கள் என்று லியோனா கேட்டாள். நெஜம்தான் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார் என்றார் ஹோபர்ட். "இன்னிக்கு ஆடினதைப் பார்த்தா எனக்கே..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

சிரிப்பு யாரிடம் முதலில் ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியாது. ஹெஸ்டரின் தோள் குலுங்கியது, லியோனாவின் முதுகு குலுங்கியது, ஒன்று மற்றொன்றைக் கிளப்பிவிட்டது. லியோனா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஹெஸ்டருக்குப் பிஸ்கட் புரையேறியது. நான் அவள் நெஞ்சில் தட்டினேன், முதுகில் தட்ட வழியில்லாமல்.

ஹோபர்ட் அது அடங்கும்வரை காத்திருந்தார். ரயில் வர இன்னும் நேரம் இருக்கிறது என்றார். ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பி ஏஜென்ட்டைத் திரும்ப அழைக்க முடியும். அவர் ஒருவர் மட்டும், இந்த அறையிலேயே, கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு நிமிஷம் பார்த்தால் போதும். பார்த்துவிட்டால் நம்புவார். நம்பினால் இப்படி ஆடும் நிஜமான ஜோடி உலகத்தில் வேறு இல்லை என்று அவருக்குப் புரியும். ஒப்பந்தம் இன்றைக்கே ஆகிவிடும்.

அவர் சொன்னதில் தப்பு இல்லை. எனக்கே அது சரியாகத்தான் பட்டது. நான் லியோனாவைப் பார்த்தேன். அவள் மேஜையைப் பிடித்த கையை எடுக்கவில்லை. அவள் யோசித்தாள். ஹெஸ்டர் அவளுக்குத் தந்ததற்கு ஈடாக இதையாவது தர வேண்டும் என்று நினைத்திருக்க வேண்டும். வாயைத் திறந்தாள்.

ஹெஸ்டர் முந்திக்கொண்டாள். "வேண்டாம் சார். நல்லா ஆடுறோம்னு சொன்னாரில்ல. அது போதும்."

"அப்ப நான் அவருக்கு என்னன்னு சொல்றது?"

"பிரிஞ்சு ஆடறதைப் பத்தி யோசிச்சுச் சொல்றோம்னு சொல்லுங்க," என்றாள் லியோனா.

ஹோபர்ட் தலையை ஆட்டிவிட்டுப் படங்களை நாற்காலியில் வைத்தார். இந்த முறை எடுக்கவில்லை. வெளியே போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

திங்கட்கிழமை எங்களுக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம், கென்டக்கியில், ஒரு சுரங்கத் தொழிலாளர் கூடம் ஒத்துக்கொண்டிருந்தது. ஏஜென்ட் கிடைத்தால் அதற்குத் தந்தி கொடுத்து மறுத்துவிடலாம் என்று இருந்தோம். இனி போக வேண்டும். நான் பாட்டுத் தாள்களைப் பையில் வைத்தேன். ஹெஸ்டர் குழாய் மேலிருந்து காலுறைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்தாள். சூடு ஆறுவதற்குள் ஒரு ஜோடியைக் கால் மேல் வைத்து அழுத்திக்கொண்டாள்.

அந்தக் கூடத்தில் கணப்பு நாமேதான் மூட்ட வேண்டும் என்று எழுதியிருந்தார்கள் என்றேன்.

"நான் மூட்டறேன்," என்றாள் லியோனா. "கரியும் நானே அள்ளிட்டு வர்றேன். தினமும். நீ உக்காந்திரு."

"நீ கரி அள்ளப் போனா நான் மட்டும் எங்கடி உக்காந்திருப்பேன்?" என்றாள் ஹெஸ்டர். "பின்னாடியே நடந்து வரணும், குளிர்ல."

லியோனா கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியானால் ஆல்மா அள்ளட்டும் என்றாள்.

நான் சரி என்றேன்.